இறந்தவர் தலைமை தாங்கிய கூட்டம்

பதினோரு ஆண்டுகள் நான் பிறர் கையெழுத்தைப் போட்டுப் பிழைத்தேன். கள்ளக் கையெழுத்து இல்லை. அவர்களே கொண்டுவந்து கொடுத்த கையெழுத்து.

மதுரை கே.கே. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். கீழே பல் டாக்டர், மேலே நாங்கள். திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் அந்த நாற்காலி மீது எனக்கு வேண்டியதற்கு மேலேயே மரியாதை இருந்தது. ஆடிட்டர் சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பேன்.

கம்பெனி நடத்துகிறவர்கள் அரசாங்கத்துக்கு அனுப்பும் படிவங்களில் இப்போது பேனாவால் கையெழுத்துப் போடுவதில்லை. ஒவ்வொரு டைரக்டருக்கும் பென் டிரைவ் போல ஒரு சின்ன டோக்கன் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் அவர் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். சட்டப்படி அது அவரவர் கையில் இருக்க வேண்டும். நடைமுறைப்படி என் மேசை டிராயரில் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் கம்பெனிப் பெயர் எழுதிய ஸ்டிக்கர், அதிலேயே ரகசிய எண். புருஷன் டோக்கனும் பெண்டாட்டி டோக்கனும் ஒரே ரப்பர் பேண்டுக்குள். ஓடிபி வருகிற செல்போன் எண்ணும் எங்கள் அலுவலக எண்தான்.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. "இந்தக் கருமத்தை நீங்களே வச்சுக்கங்கம்மா, நமக்கு ஆகாது" என்று கும்பிடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மதுரையில் எத்தனை ஆடிட்டர் அலுவலகங்களில் இப்படி டிராயர்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. இல்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை.

கூட்டங்களையும் நான்தான் நடத்தினேன். கம்பெனி என்றால் டைரக்டர்கள் கூட வேண்டும், பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். யார் கூடுகிறார்கள்? போன வருடத்து மினிட்ஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவேன். ஒரு கம்பெனியில் அண்ணனும் தம்பியும் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. என் கம்ப்யூட்டரில் அவர்கள் தவறாமல் கூடினார்கள். அண்ணன் முன்மொழிந்தார், தம்பி வழிமொழிந்தார், கடைசியில் தலைவருக்கு நன்றி சொல்லிக் கலைந்தார்கள். சொந்த ஊர்ப் பெரியவர்களால் முடியாததை நான் மாதச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன்.

சட்டம் எழுதியவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஆயிரக்கணக்கான பேர் பணம் போட்ட கம்பெனிக்கு இந்த விதிகள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமே உள்ள கம்பெனி? இரவில் ஒரே சட்டிக் கருவாட்டுக் குழம்பைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிற இருவர், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஏழு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பங்குதாரர் கூட்டம் என்றால் இருபத்தொரு நாள். பங்குதாரரும் அதே இருவர்தான். சின்னக் கம்பெனிகளுக்கென்று சில சலுகைகள் வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். வருடத்துக்கு நான்கு கூட்டம் இரண்டானது, பெரிய படிவம் கொஞ்சம் சிறிதானது. குருவி தலையில் வைத்த பனங்காயில் ஒரு சுளையை எடுத்துவிட்டு, இப்போது லேசாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

இப்படிப்பட்ட சட்டம் மனிதர்களை என்ன செய்யும்? பொய் சொல்ல வைக்கும். அதுவும் பயந்து பயந்து சொல்கிற பொய் இல்லை. பழகிப்போன பொய்.

திருமங்கலத்தைத் தாண்டி டி. கல்லுப்பட்டி போகும் வழியில் ஒரு பட்டறை இருந்தது. தகரக் கூரை, ஏழு பேர் வேலை. குதிரைவாலி, தினை, சாமை இவற்றின் உமியை நீக்குகிற மெஷின் செய்தார்கள். பெரிய ஆர்டர் எல்லாம் கம்பெனிக்குத்தான் தருவார்கள் என்று யாரோ சொல்ல, பட்டறைக்காரர் அதை பிரைவேட் லிமிடெட் ஆக்கினார். அதற்கு இரண்டு டைரக்டர் வேண்டும். இரண்டாவது டைரக்டர் அவர் மனைவி. வழக்கமாக அந்த இரண்டாவது டைரக்டர்களுக்குத் தாங்கள் டைரக்டர் என்பதே தெரியாது. இந்த அக்கா அப்படி இல்லை. சல்லடைக் கண் எவ்வளவு பெரியதாக இருந்தால் அரிசி உடையாமல் வரும் என்று அவரைக் கேட்டுத்தான் புருஷன் தகட்டை வெட்டுவார்.

மார்கழி பிறக்கச் சில நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம்.

"பேங்க்ல அவுக பேர எடுத்துட்டு வேற பேரு போடணும் தாயி. கம்பெனித் தீர்மானம் கொண்டாங்கன்னு சொல்லிட்டாக. அதான் வாங்கிட்டுப் போவமுன்னு வந்தேன்."

காகிதத்தைப் பார்த்தேன். இறப்புச் சான்றிதழ். புரட்டாசி தொடக்கத்தில் பட்டறைக்காரர் இறந்திருந்தார். பட்டறையில் மத்தியானம் மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் அவர்கள் கோப்பைத் திறந்தேன். இறந்து பதின்மூன்றாம் நாள் அவர் பங்குதாரர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியிருந்தார். ஐப்பசியில் வருட ரிட்டர்னில் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டையும் செய்தது நான்.

எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். அந்த வருடக் கணக்குச் சீட்டுகளை ஆடியிலேயே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். டோக்கன் எங்களிடம், ரகசிய எண் எங்களிடம், ஓடிபி எங்கள் போனுக்கு. அதற்குப் பிறகு அவரிடம் கேட்க எங்களுக்கு எதுவும் இல்லை. அவர் உயிரோடு இருந்தாக வேண்டிய அவசியமே எங்கள் வேலைக்கு இல்லை.

"என்ன தாயி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றார் அக்கா.

மறைத்திருக்கலாம். மறைக்க எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.

"என்ன பேசுனாகன்னு எழுதியிருக்கு?"

"எல்லாரையும் வரவேற்றார்னு இருக்குக்கா."

"நானும் இருந்தேனா?"

"இருந்தீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"கணக்கை ஏத்துக்கலாம்னு வழிமொழிஞ்சீங்க."

"பதிமூணாம் நாளு," என்றார். "அன்னைக்கு நான் மூஞ்சி கழுவக்கூட எந்திரிக்கல தாயி."

அதைக் கேட்ட பிறகு என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டேன்.

சார் அறைக்குப் போனோம். அவர் கெட்டவர் இல்லை. என் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு முறை வந்து பார்த்தவர். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஐந்து நிமிடத்தில் வழி சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரர் ஆவணிக் கடைசியிலேயே ராஜினாமா செய்துவிட்டதாக ஒரு கடிதம். அதே தேதியில் அவர் தம்பியை டைரக்டராக்கி ஒரு தீர்மானம். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது தம்பி. ரிட்டர்னில் தவறுதலாகப் பழைய டைரக்டர் டோக்கன் செருகப்பட்டுவிட்டது என்று ஒரு விளக்கம், பிறகு சரியான கையெழுத்தோடு புதுப் படிவம். ராஜினாமா செய்தவர் பிறகு இறந்தாரா இருக்கிறாரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. பத்து நாளில் பேங்க் தீர்மானம் கையில் இருக்கும்.

அந்தப் பத்து நாள் முக்கியம். கல்லுப்பட்டிப் பக்கத்துப் பெண் விவசாயிகளின் குழு ஒன்று பன்னிரண்டு மெஷின் கேட்டிருந்தது. பட்டறை அதுவரை ஒரே தடவையில் அவ்வளவு செய்ததில்லை. தை அறுவடைக்குள் கொடுத்தாக வேண்டும். தகடும் மோட்டாரும் வாங்க, முடங்கிக் கிடக்கிற பேங்க் கணக்கு திறக்க வேண்டும், அதற்குத் தீர்மானம் வேண்டும். ஆர்டர் போனால் ஏழு பேருக்கும் வேலை போகும்.

சார் எல்லாவற்றையும் விளக்கி முடித்தார். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அவுக ராஜினாமா பண்ணலையே சார். செத்துல்ல போனாக."

"அது எனக்குத் தெரியும்மா. இது காகிதத்துக்காக."

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் மெசின்ல கை வச்சிருந்த மனுசன். அவுகளப் போயி, எனக்கு வேணாம்னு விட்டுட்டுப் போனாகன்னு எழுதச் சொல்றீக."

"ஏம்மா, யாரு அதைப் படிக்கப் போறா? வெறும் காகிதம்மா அது."

"வெறும் காகிதந்தான? அப்பறம் எதுக்கு சார் அதுக்கு இம்புட்டுப் பயப்படுறீக?"

சார், உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அடுக்கினார். கம்பெனிப் பதிவாளருக்கு மனுப்போட வேண்டும், விசாரணை வரும், அபராதம் வரும், மாதக்கணக்கில் இழுக்கும், ஆர்டர் போய்விடும். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. தணிக்கை செய்தவர் என்ற முறையில் அவர் பெயரும் அடிபடும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

"நீ என்னத்தா சொல்ற?" அக்கா என் பக்கம் திரும்பினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைப் பதினோரு வருடமாகச் செய்திருக்கிறேன். இன்னும் ஒரு பூசணிக்காய்க்கு இடம் இருக்காதா என்ன? ஆனால் அந்தப் பதின்மூன்றாம் நாள் என்னை விடவில்லை. "டோக்கனைச் செருகினது நான்தான்னு எழுதிக் கொடுக்கறேன்க்கா" என்றேன்.

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "எழுதினா இங்க உனக்கு வேலை இல்லம்மா. யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன் சார். அவங்க ரெண்டு பேரு டோக்கனையும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது. வீரம் என்று இப்போது வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் திருமங்கலம் வந்தோம். இறங்கும்போது அவர், "நாளைக்குப் பட்டறைக்கு வந்துரு" என்றார்.

உண்மையை நான் எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. இன்ன தேதியில் இறந்தார். இன்ன தேதியில் அவருடைய டோக்கனை அலுவலகத்தில் நான் செருகினேன். அவர் மனைவிக்குத் தெரியாது. கூட்டம் நடக்கவில்லை. இந்த நான்கு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கப் பதினொரு நாள் ஆனது. படிவம், அதற்கு இணைப்பு, இணைப்புக்கு உறுதிமொழி, உறுதிமொழிக்கு நோட்டரி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினால் அளவு பெரிதாக இருக்கிறது என்று இணையதளம் துப்பிவிடும். பொய்க்கு மாதிரி தயாராக இருக்கிறது, தேதியை மாற்றினால் போதும். உண்மைக்கு மாதிரி கிடையாது, ஒவ்வொரு எழுத்தாகக் கட்ட வேண்டும். சின்னத் தொழில்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கிடையில் கம்பெனிக்கு இன்னொரு டைரக்டர் வேண்டும். மீதியிருப்பது ஒரே டைரக்டர் என்றால், ஆள் எண்ணிக்கையை நிரப்புவதற்கு மட்டும் அவர் முடிவெடுக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அக்கா பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெல்டிங் மெஷினை நிறுத்தச் சொன்னார். வந்திருந்தவர்: ஒருவர். நான் பக்கத்தில் நின்று எழுதினேன். பதினோரு ஆண்டுகளில் நான் எழுதிய முதல் உண்மையான மினிட்ஸ் அதுதான்.

கொழுந்தனாரை அவர் போடவில்லை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற வெல்டரைப் போட்டார். அந்த அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எனக்கு இதெல்லாம் என்னத்தக்கா தெரியும்?" என்றார். "பத்து வருசமா இருக்கேன்ல, எனக்கு மட்டும் என்னத்த தெரியவிட்டாக?" என்றார் அக்கா. வெல்டர் அண்ணனின் சொந்த போன் எண்ணையே கொடுத்து அவருக்கு டோக்கன் வாங்கினோம். அதை அவர் பட்டறைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.

பேங்க் கணக்கு திறக்கத் தை பாதி ஆகிவிட்டது. பெண்கள் குழு ஆறு மெஷினை வேறு ஊரில் வாங்கிக்கொண்டது. மீதி ஆறுக்குக் காத்திருப்போம் என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அறுவடை முடிந்தபிறகு வரும் மெஷினுக்கு யார் காத்திருப்பார்கள்? அவர்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் ஆறு போனது போனதுதான். இரண்டு பேரை மூன்று மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. நியாயமாக நடந்தால் நஷ்டம் வராது என்று நான் கதை விடமாட்டேன்.

பங்குனியில் வீடியோவில் விசாரணை. திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரோரம் என் லேப்டாப்பை வைத்து, அக்காவும் நானும் அருகருகே உட்கார்ந்தோம். திரையில் ஒரு பெண் அதிகாரி. முதலில் என்னைக் கேட்டார். ஆமாம், நான்தான் செருகினேன் என்றேன். பிறகு கோப்பைப் புரட்டிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்: "உங்க கணவர் எப்பம்மா பதவியிலேர்ந்து விலகினார்?"

வழக்கமான கேள்விதான். அக்கா திரைக்குக் கிட்டே போனார்.

"அவுக விலகலம்மா. வேலையில இருக்கும்போதே செத்தாக. அப்படியே எழுதிக்கங்க."

அதிகாரி அப்படியே தட்டச்சு செய்தார். அபராதம் வந்தது, கட்டினோம். பழைய ரிட்டர்னைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றுக்கொண்டார்கள். டைரக்டர் பதவி முடிந்த காரணம் என்ற கட்டத்தில் இறப்பு என்று இருக்கிறது. அக்கா அந்த வரியைச் சத்தமாகத் தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

இப்போது திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் நானே படிவ வேலை செய்கிறேன். யார் டோக்கனையும் வாங்கி வைப்பதில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் நேரில் வா, எதில் போடுகிறாய் என்று நான் படித்துச் சொல்வேன், பிறகு போடு. இதைக் கேட்டுப் பாதிப் பேர் ஓடிப்போனார்கள். "பெரிய அரிச்சந்திரன் பேத்தி" என்று ஒருவர் வாசலிலேயே நின்று சொன்னார். போகட்டும். மீதிப் பாதி வருகிறது, எனக்கு அது போதும். பழைய ஆபீஸ் சார் இப்போதும் கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையசைப்பார், நானும் அசைப்பேன்.

கொஞ்ச காலம் முன்பு, சின்னக் கம்பெனிகளுக்கான விதிகளை எளிமையாக்கப் போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பே பல பக்கம் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில், கருத்தெல்லாம் எதற்கு, படிவத்தையே எழுதி அனுப்புகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரே பக்கம். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. தொழில் நடக்கிறதா, எங்கே நடக்கிறது, யார் பொறுப்பு, வரவு செலவு என்ன, யாருக்காவது பாக்கி வைத்திருக்கிறீர்களா. பட்டறை ரிட்டர்ன் வேலையாக வந்த அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணு விட்டுட்டியே," என்றார். "எல்லாரும் உசுரோட இருக்கீகளான்னு மொதல்ல கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அரசாங்கத்துக்கு அனுப்புற காகிதத்துல அப்படியெல்லாம் கேக்கலாமாக்கா?"

அவர் சிரிக்கவில்லை.

"கேக்காமத்தான தாயி, எங்க வீட்டுக்காரரக் கையெழுத்துப் போட வச்ச."

அதை முதல் கேள்வியாக எழுதி அனுப்பினேன்.